ரகசியம் எங்கே கசிகிறது? ஸ்மார்ட் கார்டு மென்பொருளின் ஓட்டைகள்

ஏடிஎம் கார்டின் முகப்பில் தங்க நிறத்தில் ஒரு சிறு தகடு இருக்கிறதே, அதைத்தான் பலரும் சிப் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வெறும் மின்தொடர்புத் தகடு. அதன் அடியில் ஒட்டியிருக்கும், சில மில்லிமீட்டர் அகலம்கூடத் தேறாத சிலிக்கான் துண்டுதான் சிப். அதற்குள் ஒரு ப்ராசஸர் இருக்கிறது, நினைவகம் இருக்கிறது, ஓர் இயங்குதளமும் அதன்மேல் ஓடும் ஆப்களும் இருக்கின்றன. பேட்டரி கிடையாது, திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. மெஷினில் செருகியதும் அது கொடுக்கும் மின்சாரத்தில் விழித்துக்கொள்ளும், கேட்டதற்குப் பதில் சொல்லும், வெளியே எடுத்ததும் அடங்கிவிடும். நம் ஃபோனில் இருக்கும் சிம்மும் இதே மாதிரியான கணினிதான். சிப் வைத்த பாஸ்போர்ட், பல நாடுகளின் அடையாள அட்டை, லாகின் செய்ய யுஎஸ்பியில் செருகும் பாதுகாப்புச் சாவி எல்லாம் இதே குடும்பம்.

கணினி என்றால் மென்பொருள் இருக்கும், மென்பொருள் என்றால் பிழையும் இருக்கும். ஆனால் கார்டில் வரும் பிழைகள் நம் லேப்டாப்பில் வரும் பிழைகள் மாதிரி இல்லை. அவற்றுக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரிந்துவிடும்.

கார்டின் வேலை என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். பழைய கார்டுகளின் பின்புறம் கறுப்பாக ஒரு காந்தப் பட்டை இருந்தது. அதில் எழுதியிருப்பதை எந்த மெஷினும் படிக்கலாம், படித்ததை இன்னொரு கார்டில் அப்படியே எழுதிவிடலாம். ஏடிஎம் வாயில் ஸ்கிம்மர் கருவியைப் பொருத்திப் பணம் எடுத்தவர்கள் இதைத்தான் செய்தார்கள். 2018 இறுதிக்குள் காந்தப் பட்டை கார்டுகளைச் சிப் கார்டுகளாக மாற்றிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்ததும் அதனால்தான். சிப் கார்டில் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் மெஷின் புதிதாக ஓர் எண்ணைக் கொடுக்கும். கார்டு அந்த எண்ணையும் தன் சாவியையும் வைத்துக் கணக்குப் போட்டு விடையை மட்டும் வெளியே தரும். அந்த விடை அடுத்த பரிவர்த்தனைக்கு உதவாது. சாவியைக் கொடு என்று கேட்பதற்கு கார்டில் கட்டளையே கிடையாது.

ஆகவே சாவி வெளியே வராது. ஆனால் கார்டு பேசாமலும் இருக்க முடியாது, பேசுவதற்காகத்தான் அது இருக்கிறது. என்ன பதில் சொல்கிறது, எவ்வளவு நேரம் கழித்துச் சொல்கிறது, தவறான கட்டளை வந்தால் எப்படிப் பதில் தருகிறது, இவையெல்லாம் வெளியே தெரிந்துகொண்டேதான் இருக்கும். ஸ்மார்ட் கார்டு மென்பொருளில் இதுவரை வெளிவந்த பெரிய ஓட்டைகளில் ஏறக்குறைய எல்லாமே இந்தப் பேச்சில் கசிந்தவைதான். யாரும் பூட்டை உடைக்கவில்லை, உள்ளே இருந்தவரின் பேச்சைக் கேட்டே ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பின் நம்பர் பார்க்கும் நாலு வரி

ஓர் உதாரணத்தைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். மெஷினும் கார்டும் எண்களில்தான் பேசிக்கொள்ளும். ‘00 20 00 80’ என்று தொடங்கும் கட்டளையோடு நாம் தட்டிய பின் நம்பரையும் சேர்த்து மெஷின் அனுப்பினால், ‘இது சரியா, பார்த்துச் சொல்’ என்று பொருள். கார்டு இரண்டே பைட்டில் பதில் தரும். ‘90 00’ என்றால் சரி. ‘63 சி2’ என்றால் தவறு, இன்னும் 2 வாய்ப்பு பாக்கி. மறுபடி தவறினால் ‘63 சி1’, அப்புறம் ‘63 சி0’. அதற்குப் பிறகு சரியான பின்னையே கொடுத்தாலும் ‘69 83’ என்று சொல்லிவிடும். கார்டு பிளாக் ஆகிவிட்டது என்று அர்த்தம். நாலு இலக்கத்தில் 10,000 பின் நம்பர்கள் சாத்தியம். மூன்றே வாய்ப்பு என்ற கட்டுப்பாடு இருப்பதால்தான் இவ்வளவு சின்ன எண்ணை நம்பிப் பணத்தை வைத்திருக்கிறோம்.

இந்த வேலைக்கு நிரல் எழுதச் சொன்னால் பெரும்பாலானோர் இப்படித்தான் எழுதுவார்கள். வந்த பின்னை உள்ளே இருக்கும் பின்னோடு ஒப்பிடு. ஒத்துப்போனால் 90 00 சொல். ஒத்துப்போகாவிட்டால் வாய்ப்புக் கணக்கில் ஒன்றைக் குறைத்து நிரந்தர நினைவகத்தில் எழுது. பிறகு தவறு என்று சொல். படித்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஒரு சர்வரில் ஓடும் நிரலாக இருந்தால் இந்த வரிசையால் பெரிய ஆபத்தும் இல்லை.

கார்டின் கதை வேறு. அதற்கு மின்சாரம் கொடுப்பதே எதிரே இருக்கும் ரீடர்தான், அந்த ரீடர் திருடன் கையில் இருக்கலாம். நிரந்தர நினைவகத்தில் எழுதுவதற்குச் சில மில்லி விநாடிகள் ஆகும். அந்த நேரத்தில் சிப் இழுக்கும் மின்னோட்டமும் மாறும். மின்சாரம் போகும் வழியில் ஒரு ஆசிலோஸ்கோப்பை மாட்டி வைத்திருப்பவருக்கு அந்த மாற்றம் திரையில் தெரியும். ‘எழுத ஆரம்பிக்கிறது, ஆக பின் தவறு’ என்று தெரிந்த அந்த நொடியே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டால் வாய்ப்புக் கணக்கு குறையாது. மறுபடி மின்சாரம் கொடுத்து அடுத்த பின்னை முயலலாம். இப்படியே 10,000ஐயும் முயன்று பார்க்கலாம்.

இதைச் சரிசெய்ய புது வரி எதுவும் வேண்டாம், வரிசையை மாற்றினாலே போதும். முதலில் வாய்ப்பில் ஒன்றைக் குறைத்து எழுதிவிடு, எழுதப்பட்டதா என்று திரும்பப் படித்துப் பார், அதற்குப் பிறகு பின்னை ஒப்பிடு, சரியாக இருந்தால் குறைத்த கணக்கைத் திரும்ப ஏற்று. இப்போது எந்த இடத்தில் மின்சாரத்தைப் பிடுங்கினாலும் நஷ்டம் பிடுங்கியவருக்குத்தான்.

அதே நிரலில் இன்னொரு கசிவும் உண்டு. ஒப்பிடும் வரி ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்து, தவறான இலக்கம் வந்ததும் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலையைச் சீக்கிரம் முடிப்பது நல்லதுதானே என்று எந்த நிரலாளரும் நினைப்பார். ஆனால் முதல் இலக்கம் சரியாக இருக்கும்போது பதில் வர இம்மியளவு கூடுதல் நேரம் ஆகும். அந்த இம்மியை அளக்க முடிந்தவருக்கு 10,000 முயற்சி தேவையில்லை. இலக்கத்துக்கு 10 என்று அதிகபட்சம் 40 முயற்சி போதும். ஆகவே கார்டு நிரலில், முதல் இலக்கமே தவறு என்று தெரிந்தாலும் கடைசி இலக்கம் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே மெதுவாக எழுதுவதுதான் இங்கே நல்ல பழக்கம்.

நேரத்தை அளந்து ரகசியத்தை எடுக்கலாம் என்பதைப் பெரிய சாவிகளுக்கே பொருத்திக் காட்டியவர் பால் கோச்சர் என்ற அமெரிக்கர். 1996இல் வெளிவந்த அவருடைய ஆய்வு, ஆர்எஸ்ஏ போன்ற மறையாக்கக் கணக்குகள் முடிய ஆகும் நேரத்தை மட்டும் வைத்தே தனிச்சாவியை, அதாவது உள்ளே இருக்கும் ரகசியச் சாவியை, வெளியே எடுக்க முடியும் என்று சொன்னது. 1999இல் அவரும் ஜோஷுவா ஜாஃபே, பெஞ்சமின் ஜுன் இருவரும் சேர்ந்து, சிப் இழுக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைப் புள்ளியியல் முறையில் அலசியும் அதைச் செய்யலாம் என்று காட்டினார்கள். கார்டுத் துறையே ஆடிப்போனது. இன்று கார்டுக்கு எழுதப்படும் ஒவ்வொரு வரியும், ‘இது ஓடும்போது வெளியே என்ன தெரியும்?’ என்ற கேள்வியோடுதான் எழுதப்பட வேண்டும்.

சும்மா பார்த்துக்கொண்டிருக்காமல் இடையில் புகுந்து குழப்புகிறவர்களும் உண்டு. மின்னழுத்தத்தை ஒரு கணம் தாழ்த்தினாலோ, சிப்பின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினாலோ ப்ராசஸர் ஒரு கட்டளையைத் தவறவிட்டுத் தாண்டிப் போகலாம். தாண்டிப்போன கட்டளை ‘பின் சரியா?’ என்ற சோதனையாக இருந்துவிட்டால் கதை முடிந்தது. அதனால் கார்டு நிரலாளர்கள் ‘ஆம்’ என்பதற்கு 1, ‘இல்லை’ என்பதற்கு 0 என்று வைக்க மாட்டார்கள். ஒரே ஒரு பிட் புரண்டால் இல்லை என்பது ஆம் ஆகிவிடும். 01011010 என்றால் ஆம், 10100101 என்றால் இல்லை, இரண்டும் இல்லாத எது வந்தாலும் தாக்குதல் என்று எடுத்துக்கொள், இப்படி எழுதுவார்கள். அதே சோதனையை இரண்டு முறை, இரண்டு விதமாகச் செய்வார்கள்.

90 00 சொன்னது யார்?

கார்டுக்குள் எல்லாம் ஒழுங்காக இருந்தும், அது பேசும் நெறிமுறையில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் 2010ஆம் ஆண்டு ஆய்வைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஸ்டீவன் மர்டாக், சார் ட்ரைமர், ராஸ் ஆண்டர்சன், மைக் பாண்ட் ஆகிய நால்வரும் செய்தது அது.

பின்னைக் கார்டே சரிபார்க்கும் வகைப் பரிவர்த்தனையில், கார்டு தரும் ‘90 00’ என்ற பதிலில் கையொப்பம், அதாவது சாவியை வைத்துக் கணக்குப் போட்டுத் தரும் அத்தாட்சி, எதுவும் கிடையாது. இரண்டு பைட், அவ்வளவுதான். திருடிய கார்டுக்கும் கடை மெஷினுக்கும் நடுவில் ஒரு சின்னச் சுற்றை வைத்தார்கள். மெஷின் கேட்கும் மற்ற எல்லாவற்றையும் அது கார்டுக்கு அப்படியே கடத்தும். பின் சரியா என்ற கேள்வி வரும்போது மட்டும் கார்டிடம் கேட்காமல் தானே ‘90 00’ என்று சொல்லிவிடும். எந்தப் பின்னைத் தட்டினாலும் சரிதான். மெஷின், பின் சரிபார்க்கப்பட்டது என்று நம்புகிறது. கார்டோ, இந்தக் கடையில் பின் கேட்கவில்லை, காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்போல என்று நினைத்துக்கொண்டு பரிவர்த்தனைக்குக் கையொப்பம் இடுகிறது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இருவர் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது வங்கி. பின் சரிபார்க்கவில்லை என்று கார்டு சொல்வது வங்கிக்குப் போகும் தகவலிலேயே இருந்தது. அதை மெஷின் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

இது பிரிட்டனில் ஏன் பெரிய விஷயமானது என்றால், கார்டு திருடுபோய்ப் பணம் இழந்தவர்கள் புகார் கொடுக்கும்போது, ‘பின் சரியாக உள்ளிடப்பட்டிருக்கிறது, ஆகவே தவறு உங்களுடையது’ என்று வங்கிகள் கைவிரித்துக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு டிசம்பரில், இதே துறையில் ஒரு மாணவர் எழுதிய ஆய்வேட்டை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லி பிரிட்டிஷ் கார்டு நிறுவனங்களின் சங்கம் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியது. ராஸ் ஆண்டர்சன் முடியாது என்று எழுத்திலேயே பதில் கொடுத்தார். 2024இல் அவர் மறைந்தபோது பாதுகாப்புத் துறையே துயரப்பட்டதற்கு இப்படிப்பட்ட பிடிவாதங்களும் ஒரு காரணம்.

ஆய்வுக்கூடத்தில் பை நிறையச் சாதனங்களோடு செய்து காட்டியது நிஜ வாழ்க்கையில் நடக்காது என்று சொன்னவர்களுக்குப் பதில் பிரான்ஸில் கிடைத்தது. 2011இல் அங்கே திருடப்பட்ட கார்டுகள் பெல்ஜியத்தில் தாராளமாகப் பயன்படுவது தெரியவந்தது. பின்னர் வழக்குக்காகப் பிடிபட்ட கார்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். அசல் சிப்பின் மேலேயே இன்னொரு சிப்பைப் பற்றவைத்திருந்தார்கள். கேம்பிரிட்ஜில் மேசை முழுக்க இருந்த கருவி, இங்கே ஒரு கார்டின் தடிமனுக்குள் அடங்கியிருந்தது. சுமார் 40 கார்டுகள், 7,000 பரிவர்த்தனைகள், ஏறக்குறைய 6 லட்சம் யூரோ. தட்டிய பின்னை வங்கிக்கே அனுப்பிச் சரிபார்க்கும் இடங்களில் இந்த உத்தி பலிக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே ‘90 00’ என்ற பதிலுக்கே வேலை இல்லை.

சிம் அனுப்பிய பிழைச் செய்தி

சிம் கார்டில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். செல்பேசி நிறுவனங்கள் நம் சிம்முக்குக் கண்ணுக்குத் தெரியாத எஸ்எம்எஸ் அனுப்பி அதன் மென்பொருளை மாற்ற முடியும். அப்படி வரும் கட்டளை உண்மையானதுதானா என்று சிம் கையொப்பத்தைச் சோதிக்கும். 2013இல் பெர்லினைச் சேர்ந்த கார்ஸ்டன் நோல், வேண்டுமென்றே தவறான கையொப்பத்தோடு கட்டளைகளை அனுப்பிப் பார்த்தார். பெரும்பாலான சிம்கள் பேசாமல் இருந்துவிட்டன. சில சிம்கள் மட்டும், ‘உன் கையொப்பம் தவறு’ என்று பிழைச் செய்தி அனுப்பின, அதுவும் தங்கள் ரகசியச் சாவியால் கையொப்பமிட்டு. அந்தக் கையொப்பம் 1970களில் உருவான டிஇஎஸ் என்ற முறையில் இருந்தது. அதன் சாவி 56 பிட் மட்டுமே. முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த அட்டவணைகளின் துணையோடு ஒரு சாதாரணக் கணினியில் ஓரிரு நிமிடத்தில் சாவியை எடுத்துவிட்டார். அதன் பிறகு அந்தச் சிம்மில் எந்த நிரலையும் ஏற்றலாம். மறுத்தபோதுகூடப் பேசாமல் இருக்கத் தெரியாததுதான் அந்தச் சிம்களின் பிழை.

2019இல் வெளிவந்த சிம்ஜாக்கர் இன்னும் எளிமையானது. பல நாட்டுச் சிம்களில் எஸ்@டி பிரவுசர் என்ற பழைய ஆப் ஒன்று யாரும் கவனிக்காமல் கிடந்தது. எஸ்எம்எஸ்ஸில் வரும் கட்டளையைக் கையொப்பம்கூடக் கேட்காமல் நிறைவேற்றும்படி சில இடங்களில் அதை அமைத்திருந்தார்கள். ‘எந்த டவரின் கீழ் இருக்கிறாய்?’ என்று கேட்டால், ஃபோனின் உரிமையாளருக்குத் தெரியாமலேயே சிம் பதில் அனுப்பிவிடும். ஆட்களின் இருப்பிடத்தைப் பின்தொடர இதை நிஜமாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

எஸ்டோனியாவின் ஏழரை லட்சம் அட்டைகள்

இனிச் சொல்லப்போவது என் கணக்கில் இந்தத் துறையின் மிக முக்கியமான சம்பவம்.

எஸ்டோனியா வட ஐரோப்பாவில் பால்டிக் கடலோரம் இருக்கும் சிறிய நாடு. மக்கள்தொகை சுமார் 13 லட்சம். 2002 முதல் அங்கே சிப் வைத்த அடையாள அட்டை உண்டு. வரி தாக்கல், வங்கி, மருந்துச் சீட்டு, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் அந்த அட்டையிலேயே முடியும். 2005 முதல் தேர்தலில் இணையத்தில் வாக்களிக்கவும் அது உதவுகிறது. அந்த அட்டையில் இருக்கும் தனிச்சாவி ஒருவர் கையில் கிடைத்தால், அவர் இன்னொருவராகவே வாழ்ந்துவிடலாம்.

2017 ஆகஸ்ட் 30 அன்று செக் குடியரசின் ப்ர்னோ நகரில் உள்ள மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடமிருந்து எஸ்டோனிய அதிகாரிகளுக்குத் தகவல் வந்தது. 2014 அக்டோபருக்குப் பிறகு கொடுக்கப்பட்ட அட்டைகளில், சுமார் 7.5 லட்சத்தில், பொதுச்சாவியைப் பார்த்தே தனிச்சாவியைக் கணக்கிட முடியும் என்பதுதான் செய்தி. பொதுச்சாவி என்பது பெயருக்கேற்ப எல்லோருக்கும் தெரிய வேண்டியது. அட்டையைத் திருட வேண்டாம், தொடக்கூட வேண்டாம்.

எப்படி முடிந்தது என்று பார்க்கக் கொஞ்சம் கணக்கு வேண்டும், பள்ளிக்கூடக் கணக்குதான். ஆர்எஸ்ஏ முறையில் கார்டு இரண்டு பெரிய பகா எண்களைத் தானே தற்செயலாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கும். பெருக்கி வந்த எண் பொதுச்சாவி, பகா எண்கள் இரண்டும் ரகசியம். பெருக்கியதை வைத்துக்கொண்டு திரும்பப் பிரிப்பது மிகக் கடினம் என்பதில்தான் பாதுகாப்பு நிற்கிறது. ஆனால் நூற்றுக்கணக்கான இலக்கம் கொண்ட பகா எண்ணைத் தேடுவது கார்டு போன்ற சின்னக் கணினிக்குப் பெரிய வேலை. ஓர் எண்ணை எடுத்து, பகா எண்ணா என்று சோதித்து, இல்லையென்றால் அடுத்ததை எடுத்து, இப்படியே நேரம் போகும். அட்டை தயாரிக்கும் இடத்தில் ஒவ்வொரு நொடியும் காசு. ஆகவே சிப்பைத் தயாரித்த ஜெர்மனியின் இன்ஃபினியன் நிறுவனம் தன் மென்பொருள் நூலகத்தில் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) ஒரு குறுக்கு வழியை வைத்திருந்தது. சிறிய பகா எண்கள் எதனாலும் வகுபடாதபடி எண்ணைக் கட்டமைத்துவிட்டால் வீண் சோதனைகள் மிச்சம். அதற்காக 65537 என்ற எண்ணின் அடுக்குகளிலிருந்து பகா எண்களை உருவாக்கும் ஒரு சூத்திரத்தைப் பயன்படுத்தினார்கள்.

இங்கேதான் தடயம் விழுந்தது. 65537ஐ 11ஆல் வகுத்தால் மீதி 10. அதை எத்தனை அடுக்கு உயர்த்தினாலும் மீதி 1 அல்லது 10 மட்டுமே வரும். இப்படி உருவான இரண்டு எண்களைப் பெருக்கினாலும் அதேதான். ஒழுங்கான பொதுச்சாவியை 11ஆல் வகுத்தால் 1 முதல் 10 வரை எந்த மீதியும் வரலாம். இந்தக் கார்டுகளின் பொதுச்சாவியை வகுத்தால் 1 அல்லது 10 தவிர வேறு வராது. 37ஆல் வகுத்துப் பாருங்கள். 36 விதமான மீதி வரலாம், ஆனால் இந்தக் கார்டுகளில் 1, 10, 26 என்ற மூன்று மட்டுமே வரும். இந்த இரண்டு சோதனையையும் ஒரு நல்ல சாவி தற்செயலாகத் தாண்டுவதற்கு 60இல் ஒரு வாய்ப்புதான். 13, 17, 19 என்று இன்னும் பல பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் சந்தேகத்துக்கே இடமிருக்காது. ஒரு பொதுச்சாவி இந்தச் சிப்பிலிருந்து வந்ததா என்பதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிடலாம்.

ஆக, தற்செயலாக இருக்க வேண்டிய எண்ணில் பெரும்பகுதி தற்செயல் இல்லை. 256 பிட் நீளமான ஒரு பகா எண்ணில் உண்மையில் யூகிக்க வேண்டியது 99 பிட் அளவுதான் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பகா எண்ணைப் பற்றிப் பாதி தெரிந்தால் மீதியைக் கண்டுபிடிக்கும் வழியை 1996இலேயே டான் காப்பர்ஸ்மித் என்ற கணித அறிஞர் கொடுத்திருந்தார். அந்த வழியை இந்தச் சூத்திரத்தோடு பொருத்தியதுதான் ப்ர்னோ குழுவின் திறமை. மட்டூஷ் நெமெட்ஸ், பெட்ர் ஷ்வெண்டா முதலியோர் எழுதிய அந்த ஆய்வின்படி, 1024 பிட் சாவியை உடைக்க அன்றைய விலைக்கு வாடகைக் கணினியில் 40 முதல் 80 டாலர் ஆகும். எஸ்டோனிய அட்டையில் இருந்த 2048 பிட் சாவிக்கு 20,000 முதல் 40,000 டாலர். ஒரு சாதாரண மனிதரின் அட்டைக்கு யாரும் இவ்வளவு செலவழிக்க மாட்டார்கள். ஒரு அமைச்சரின் அட்டைக்குச் செலவழிக்கக்கூடும்.

இந்த ஓட்டைக்கு ரோகா என்று பெயர் வைத்தார்கள். எஸ்டோனியாவோடு நிற்கவில்லை. ஸ்லோவாக்கியா, ஸ்பெயின் நாட்டு அடையாள அட்டைகள், யுபிகீ 4 பாதுகாப்புச் சாவிகள், பல லேப்டாப்களில் ரகசியச் சாவிகளைப் பாதுகாக்கும் டிபிஎம் சிப்கள் என்று அந்த நூலகம் போன இடமெல்லாம் ஓட்டையும் போயிருந்தது. குறைந்தபட்சம் 2012 முதல் அது புழக்கத்தில் இருந்திருக்கிறது.

எஸ்டோனிய அரசு செய்ததில் எனக்குப் பிடித்தது, ஒளிக்காமல் சொன்னது. தகவல் வந்து ஒரு வாரத்துக்குள், செப்டம்பர் 5 அன்று, மக்களிடம் அறிவித்தார்கள். உள்ளாட்சித் தேர்தல் அடுத்த மாதம். இணைய வாக்களிப்பு வேண்டாம் என்ற குரல்கள் எழுந்தன. ஆனாலும் தேர்தல் இணையத்திலும் நடந்தது. பொதுச்சாவிகளை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று திறந்து வைத்திருந்த தரவுத்தளத்தை மூடினார்கள். ஆய்வின் முழு விவரமும் வெளியான நிலையில், இந்தப் பொதுச்சாவி இன்னாருடையது என்று உறுதிசெய்யும் பழைய டிஜிட்டல் சான்றிதழ்களை நவம்பர் 3 நள்ளிரவோடு முடக்கினார்கள். புதுப்பிக்கும் சர்வர்கள் திணறின, காவல்துறை அலுவலகங்களின் வாசலில் வரிசை நீண்டது, மருத்துவர்கள் போன்று அட்டை இல்லாமல் வேலையே ஓடாதவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். அட்டையை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதே சிப்பில் எலிப்டிக் கர்வ் என்ற வேறு கணித முறைக்கான வசதியும் இருந்தது. வீட்டிலிருந்தே அட்டையைக் கணினியில் செருகி, ஆர்எஸ்ஏ சாவிகளை விட்டுவிட்டுப் புதுமுறைச் சாவிகளுக்கு மாறிக்கொள்ள முடிந்தது. தூரத்திலிருந்தே புதுப்பிக்கும் வழியை முன்கூட்டியே வைத்திருந்த நாடு என்பதால் தப்பித்தது. பெரும்பாலான கார்டுகளுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. ஓட்டை தெரிந்தால் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டியதுதான்.

தற்செயல் எண்ணில் கார்டு கோட்டைவிட்டது இது முதல் முறையும் இல்லை. 2013இலேயே டேனியல் பெர்ன்ஸ்டைன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், தைவானின் குடிமக்கள் அட்டைகளின் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுச்சாவிகளை எடுத்து அலசி, 184 சாவிகளை உடைத்துக் காட்டியிருந்தார்கள். அவற்றில் பலவற்றில், வெவ்வேறு ஆட்களின் அட்டைகள் ஒரே பகா எண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தன. இரண்டு பொதுச்சாவிகளுக்கு ஒரு பகா எண் பொதுவாக இருந்தால், மீப்பெரு பொது வகுத்தி கண்டுபிடிக்கும் கணக்கிலேயே இரண்டும் உடைந்துவிடும்.

சான்றிதழ் வாங்கிய ஓட்டைகள்

தைவான் அட்டைக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் இருந்தது. ரோகா ஓட்டை இருந்த சிப்களுக்கு அதைவிட உயர்ந்த சான்றிதழ்கள் இருந்தன. இந்தத் தரச்சான்றுகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. மின்சாரத்தைத் துண்டிப்பது, லேசர் அடிப்பது போன்றவற்றைச் சோதனைக்கூடங்கள் உண்மையிலேயே சோதிக்கின்றன, அதனால் கார்டுகள் உறுதியாகியும் இருக்கின்றன. ஆனால் சிப்பின் நிரல் ரகசியம், சோதிக்கிறவர்கள் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள், அறிக்கையின் முக்கியப் பகுதியும் ரகசியம். ரோகாவைக் கண்டுபிடித்தவர்களுக்கு நிரலைப் பார்க்கக் கிடைக்கவில்லை. கார்டுகளைக் கொண்டு லட்சக்கணக்கில் சாவிகளை உருவாக்கச் சொல்லி, வந்த எண்களை வரிசைப்படுத்திப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். நிரல் திறந்த புத்தகமாக இருந்திருந்தால், 65537இன் அடுக்கு அங்கே என்ன செய்கிறது என்று யாராவது ஒரு மாணவர் எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருப்பார். கோடிக்கணக்கான மக்களின் கையெழுத்தைச் சுமக்கும் மென்பொருள் மக்கள் கண்ணில் படாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

2024 செப்டம்பரில் பிரான்ஸின் நிஞ்ஜாலேப் நிறுவனத்தைச் சேர்ந்த தாமா ரோஷ் வெளியிட்ட யூக்லீக் ஆய்வைப் படித்தபோது இந்த ஆதங்கம் கூடியது. இம்முறையும் இன்ஃபினியனின் நூலகம்தான், ஆனால் எலிப்டிக் கர்வ் கையொப்பத்துக்கான பகுதி. கையொப்பமிடும்போது வரும் ஒரு வகுத்தல் கணக்கு, எண்ணைப் பொறுத்துச் சில நேரம் சீக்கிரமும் சில நேரம் தாமதமாகவும் முடிகிறது. 1996இல் கோச்சர் சொன்ன அதே நேரக் கசிவு. சிப்பிலிருந்து எழும் மின்காந்த அலையைச் சில நிமிடம் பதிவு செய்தால் போதும், பிறகு சாவியைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். 14 ஆண்டுகள், உயர்மட்டச் சான்றிதழுக்காக நடந்த சுமார் 80 சோதனைகள், அத்தனையையும் தாண்டி அது அங்கேயே இருந்திருக்கிறது.

யுபிகீ 5 வரிசையில் 5.7க்கு முந்தைய ஃபர்ம்வேர் (சாவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) உள்ள சாவிகளில் இந்த ஓட்டை உண்டு. அவற்றின் ஃபர்ம்வேரை மாற்ற முடியாது. யாரும் உள்ளே புகுந்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். கையில் அப்படி ஒன்று இருந்தால் அவசரப்பட்டுத் தூக்கி எறிய வேண்டாம். தாக்குகிறவர் அந்தச் சாவியைத் திருடி, உறையைப் பிரித்து, ஆய்வு நடந்த காலத்தில் சுமார் 11,000 யூரோ விலையிருந்த கருவிகளோடு உட்கார வேண்டும். வெறும் பாஸ்வேர்டை மட்டும் நம்பியிருப்பதைவிட அந்தச் சாவியைத் தொடர்ந்து பயன்படுத்துவதே பாதுகாப்பு என்று ஓட்டையைக் கண்டுபிடித்தவர்களே எழுதியிருக்கிறார்கள். அதைத் தொலைத்துவிட்டாலோ, கொஞ்ச நேரம் காணாமல் போய்த் திரும்பக் கிடைத்தாலோ மட்டும், எந்தெந்தக் கணக்குகளில் பதிந்து வைத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் அன்றைக்கே நீக்கிவிடுங்கள்.